தாரா சிங்கும் என் அப்பாவும்

(தலைப்பு: வளர்ந்த பிறகும் சிறு வயது ஆசைகளைத் தேடிப் போவது அறிவுடைமையா? அறியாமையா? 'அறிவுடைமையே' என்ற அணியில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியிலே உட்கார்ந்துகொண்டு இவனை எந்தப் பக்கம் தள்ளினால் விழுவான் என்று பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! என் அணித் தோழர்களே! அரங்கத்திலே கூடியிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! வீட்டிலே ஒரு கையில் கரும்பும் ஒரு கையில் ரிமோட்டுமாக எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் அன்பர்களே! 

எனக்கு முன்னாலே பேசிய அம்மையார் ரொம்ப அழகாகச் சொன்னார்கள். "குழந்தையாக இருந்தபோது பொம்மை வைத்து விளையாடினோம். வளர்ந்த பிறகு அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஐம்பது வயதிலே பெட்டியைத் திறக்கிறவன் அறிவாளியா?" என்று கேட்டார்கள். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன்.

அந்தப் பெட்டியைத் திறந்தவன் நான்தான், அம்மா. இப்போது உங்கள் முன்னால் நின்றுகொண்டிருக்கிறேன். (சிரிப்பு)

நான் தமிழ்ப் பேராசிரியர். சங்க இலக்கியத்திலே ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் வாங்கியவன். இப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். என் மனைவிக்கு முதலில் ஒரே மகிழ்ச்சி. "என்னங்க, தியானமா?" என்றாள். "இல்லம்மா, குஸ்தி" என்றேன். (சிரிப்பு) அமெரிக்காவிலே திங்கட்கிழமை ராத்திரி நடக்கிற மல்யுத்தம் நமக்குச் செவ்வாய்க்கிழமை விடிகாலையிலே வருகிறது. அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஒருவனை ஒருவன் தூக்கிப் போடுகிறானே, அதேதான். "மாணவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?" என்று அவள் கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நடுவர் அவர்களே, எனக்குச் சொந்த ஊர் மூக்கண்டப்பள்ளி. ஓசூரை ஒட்டி, சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலே இருக்கிறது. இன்றைக்கு கிருஷ்ணகிரி மாவட்டம். நான் வளர்ந்தபோது தருமபுரி மாவட்டம். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அத்திப்பள்ளி, அதைத் தாண்டினால் பெங்களூர். எங்கள் தெருவிலே மூன்று மொழி. பக்கத்து வீட்டில் தெலுங்கு, எதிர் வீட்டில் கன்னடம், எங்கள் வீட்டில் தமிழ். பையன்கள் சண்டை போட்டால் மூன்று மொழியிலும் திட்டுவோம். சமாதானம் மட்டும் எந்த மொழியில் செய்வது என்று தெரியாமல் அம்மாமார்கள் வந்து காதைப் பிடித்துத் திருகுவார்கள். காது வலிக்கு மொழி ஏது? (சிரிப்பு)

எங்கள் அப்பா ஒரு தொழிற்சாலையிலே கடைசல் வேலை. லேத் மிஷின். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிப்ட். சங்கு ஊதினால் எங்கள் லைன் வீட்டுக் கதவுகள் எல்லாம் ஒன்றாகத் திறக்கும். அதிகம் பேச மாட்டார். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவிலே பேச்சு என்றால், "படிச்சியா?" "படிச்சேன்." அவ்வளவுதான். அந்தக் காலத்து அப்பாக்களே அப்படித்தானே!

ஆனால் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் அப்பா வாய் ஓயாமல் பேசுவார். தாரா சிங்!

அப்பா பதின்மூன்று வயதிலே மெட்ராஸில் அவருடைய மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது, தாரா சிங்கும் கிங்காங்கும் மோதிய ஃப்ரீ ஸ்டைல் குஸ்தியைப் பார்த்தாராம். அந்த ஒரு ராத்திரியை வைத்துக்கொண்டு எனக்கு ஐநூறு ராத்திரி கதை சொன்னார். தாரா சிங் பஞ்சாபிலே ஒரு கிராமத்தில் 1928ல் பிறந்தவர். ஆறடி இரண்டங்குலம். கிங்காங் என்று பேர் வைத்துக்கொண்ட எமில் சாயா ஹங்கேரிக்காரர், இருநூறு கிலோ அளவுக்கு எடை. அந்த ஆளைத் தாரா சிங் தலைக்கு மேலே தூக்கினார் என்பார் அப்பா. சொல்லும்போது தலையணையை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார். பஞ்சுத் தலையணைதான். ஆனால் அப்பா முகத்திலே தெரியும் பாருங்கள், இருநூறு கிலோ! (சிரிப்பு, கைதட்டல்)

அப்பாவுக்குத் தாரா சிங்கை ஏன் பிடித்தது தெரியுமா? தாரா சிங் 1947ல் சிங்கப்பூருக்குப் போனார். அங்கே பீப்பாய் செய்கிற ஆலையிலே வேலை பார்த்துக்கொண்டுதான் குஸ்தி கற்றுக்கொண்டார். "அவரும் நம்மளாட்டம் கம்பெனிக்காரருடா" என்பார் அப்பா. 1959ல் கல்கத்தாவிலே காமன்வெல்த் பட்டம் வென்றார். 1968 மே 29ஆம் தேதி பம்பாயிலே அமெரிக்க வீரர் லூ தெஸ்ஸை ஜெயித்து உலகப் பட்டம் வாங்கினார். எங்கள் அப்பாவுக்குத் தன் கல்யாண நாள் மறந்துபோகும். இந்தத் தேதி மறக்காது. அம்மா அதற்குத் தனியாக ஒரு குஸ்தி நடத்துவார்கள்! (சிரிப்பு)

1987ல் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையிலே 'ராமாயண்' வந்ததே, நினைவிருக்கிறதா? தெருவுக்கு ஒரு டி.வி. இருந்த காலம். கொஞ்ச நாளிலே அனுமார் வந்தார். எல்லோரும் கன்னத்திலே போட்டுக்கொண்டார்கள். எங்கள் அப்பா மட்டும் எழுந்து நின்று கத்தினார்: "டேய்! நம்ம தாரா சிங்டா!" ஆமாம், அனுமாராக நடித்தவர் தாரா சிங்தான். அதற்குப் பிறகு அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கியபோது ஊரே ஆச்சரியப்பட்டது. அப்பா மட்டும் ஆச்சரியப்படவில்லை. "கிங்காங்கையே தூக்குனவருக்கு இதெல்லாம் ஒரு வெயிட்டா?" என்றார்! (சிரிப்பு, கைதட்டல்)

அடுத்த வருஷம், 1988 ஆயுத பூஜை. தொழிற்சாலைப் பகுதியிலே ஆயுத பூஜை என்றால் தீபாவளியை விடப் பெரிசு. மிஷினுக்குப் பொட்டு வைத்து, பொரி கடலை கொடுத்து, போனஸ் கையிலே வந்திருக்கும். எங்கள் லைன் வீட்டுக்காரர்கள் எல்லாம் காசு போட்டு, டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்தார்கள். விடிய விடிய படம். தமிழ்ப் படம் ஒன்று, தெலுங்குப் படம் ஒன்று, கன்னடப் படம் ஒன்று. சண்டை வரக்கூடாது பாருங்கள்! நாலாவதாக, பெங்களூரிலிருந்து யாரோ கொண்டுவந்த குஸ்தி கேசட். அதற்கு மட்டும் எந்த மொழியும் தேவைப்படவில்லை.

அது 1987 மார்ச் 29ஆம் தேதி அமெரிக்காவிலே மிச்சிகன் மாநிலத்தில் நடந்த 'ரெஸில்மேனியா 3'. ஒரு பக்கம் மஞ்சள் பனியன் போட்ட ஹல்க் ஹோகன். இன்னொரு பக்கம் ஆண்ட்ரே தி ஜயண்ட். பிரான்ஸ் நாட்டுக்காரர். ஏழடி நாலு அங்குலம் என்று அறிவிப்பார்கள். பல வருஷமாகத் தோற்காதவர் என்று விளம்பரம். அந்த மலையை ஹோகன் தூக்கிப் போட்டார்! அந்த ராத்திரியிலே எங்கள் தெருவிலே தெலுங்குக்காரர், கன்னடக்காரர், தமிழர் எல்லோரும் ஒரே மொழியிலே கத்தினோம்: "ஆ...!" அப்பா என்னைத் தோளிலே தூக்கிவிட்டார். எனக்கு அப்போது பதினைந்து வயது. மீசை அரும்பிவிட்டது. அந்த வயதிலே அப்பா தூக்குவது வெட்கம்தான். ஆனால் அன்றைக்கு நான் இறங்கவே இல்லை.

அங்கே நிறுத்தியிருந்தால் இன்று எனக்குப் பேச ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் நான் படிக்கப் போய்விட்டேன், ஐயா!

பி.ஏ. தமிழ் இலக்கியம். 1993. இறுதியாண்டு. கல்லூரியிலே தமிழ் மன்றச் செயலாளர் வேறு. பேச்சுப் போட்டியிலே கோப்பை கோப்பையாக வாங்கிக்கொண்டிருந்த நேரம். ஒரு விடுமுறைக்கு நண்பர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்போதுதான் எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்திருந்தது. அப்பா வேர்க்கடலை வறுத்து வைத்துக்கொண்டு டி.வி. முன்னால் எனக்காகக் காத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும், "வாடா வாடா, ஆரம்பிச்சுட்டான்!" என்கிறார்.

நண்பர்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. ஆனால் எனக்கு உள்ளே என்னவோ செய்தது. பாரதியைப் பேசுகிறவன் வீட்டில் பயில்வான் படம் ஓடுகிறதே என்ற வெட்கம். நான் சொன்னேன்: "அப்பா, இதெல்லாம் சுத்தப் பொய்ப்பா. யார் ஜெயிக்கணும், யார் தோக்கணும்னு முன்னாடியே பேசி வச்சுக்கறாங்க. உங்க தாரா சிங்கும் அப்படித்தான். நீங்க சின்ன வயசுல இருந்து ஏமாந்துட்டு இருக்கீங்க."

அப்பா என்னைப் பார்த்தார். டி.வி.யை அணைத்தார். "சரி, நீங்க பேசிட்டு இருங்க. ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு அப்பாவுக்கு வார விடுமுறை, நடுவர் அவர்களே.

அதற்குப் பிறகு முப்பத்திரண்டு வருஷம் எங்கள் வீட்டிலே குஸ்தியைப் பற்றிப் பேச்சே இல்லை. பழையபடி, "சாப்டியா?" "சாப்பிட்டேன்." 2012 ஜூலை 12ஆம் தேதி தாரா சிங் இறந்தபோது செய்தித்தாளில் பார்த்தேன். மாநிலங்களவை உறுப்பினராகக்கூட இருந்தவர். அப்பாவுக்கு ஒரு போன் செய்யலாமா என்று நினைத்தேன். செய்யவில்லை. என்ன முகத்தை வைத்துக்கொண்டு செய்வது?

எதிரணி நண்பர்கள் இப்போது கேட்பார்கள்: "நீங்கள் சொன்னது உண்மைதானே? அது பொய்ச் சண்டைதானே?" உண்மைதான். 1989லேயே அந்த அமெரிக்க நிறுவனம் நியூஜெர்சி மாநிலச் சட்டசபை உறுப்பினர்களிடம், இது விளையாட்டுப் போட்டி அல்ல, பொழுதுபோக்கு நிகழ்ச்சி என்று ஒப்புக்கொண்டது. எதற்கு? விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் வரியும் வேண்டாம் என்பதற்காக! வரி என்று வந்துவிட்டால் அமெரிக்காக்காரனும் உண்மை பேசுவான்! (சிரிப்பு, கைதட்டல்)

அதற்கு முன்பு இந்த ரகசியத்தை எப்படிக் காப்பாற்றினார்கள் தெரியுமா? மேடையிலே எதிரிகளாக இருப்பவர்கள் வெளியிலே ஒன்றாகச் சுற்றக்கூடாது. 1987ல் அயர்ன் ஷேக், ஜிம் டக்கன் என்று இரண்டு வீரர்கள். மேடையிலே ஜென்ம விரோதிகள். ஒரே காரிலே போகும்போது போலீஸ் சோதனையில் மாட்டிக்கொண்டார்கள். செய்தி வெளியே வந்தது. இரண்டு பேருக்கும் வேலை போனது.

நான் இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் நடுவர் அவர்களே, இந்த நிகழ்ச்சி முடிந்ததும் நானும் அந்த எதிரணி அம்மையாரும், நீங்களும் சேர்ந்து ஒரே வேனிலேதான் ஊருக்குப் போகப் போகிறோம்! வழியிலே போலீஸ் பிடித்தால் நம்ம கதி என்ன? (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நாங்கள் இங்கே போடுகிற சண்டையும் முன்னாடியே பேசி வைத்ததுதானே! இந்த அணியிலே நீ, அந்த அணியிலே நீ என்று போன வாரமே பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அதற்காக இங்கே யாராவது எழுந்து "இது பொய்" என்று போகிறீர்களா? இல்லை. அணி பிரித்தது ஏற்பாடு. ஆனால் நான் சொல்கிற என் அப்பா கதை ஏற்பாடு இல்லை.

எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களிலே பாரதக் கூத்து நடக்கும். பதினெட்டாம் போர். மண்ணிலே துரியோதனனைப் பெரிய உருவமாகப் படுக்க வைத்திருப்பார்கள். வீமனும் துரியோதனனும் கதாயுதத்தோடு மோதுவார்கள். யார் ஜெயிப்பார் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். இரண்டாயிரம் வருஷமாகத் துரியோதனன் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை! (சிரிப்பு) மல்யுத்தக் கணக்கிலே பார்த்தால் அதிலே எல்லாமே இருக்கிறது. இடுப்புக்குக் கீழே அடிக்கக்கூடாது என்பது கதாயுத்த விதி. தொடையிலே அடி என்று வெளியே நின்று சைகை காட்டுகிற மேனேஜர் யார்? கண்ணபிரான்! "இது ஃபவுல்" என்று கோபப்படுகிற ரெஃப்ரி யார்? பலராமர்! (பலத்த கைதட்டல்) முடிவு தெரிந்த சண்டைதான். ஆனாலும் துரியோதனன் விழும்போது எங்கள் ஊர்ப் பாட்டிமார்கள் அழுவார்கள். அந்தப் பாட்டிகள் எல்லாம் ஏமாந்தவர்களா? இல்லை ஐயா. கதை தெரிந்துதான் அழுகிறார்கள்.

இன்னொன்று. முடிவுதான் பேசி வைத்தது. விழுவது யார்? மனுஷன்! 1999 மே 23ஆம் தேதி ஓவன் ஹார்ட் என்ற வீரரை, ஒரு நிகழ்ச்சியிலே மேலே கூரையிலிருந்து கயிற்றிலே இறக்கினார்கள். பிடி விட்டுப்போய்க் கீழே விழுந்தார். இறந்துபோனார். முப்பத்து நாலு வயது. அந்த விழுதல் பொய்யா?

நாங்கள் 1988ல் கத்திக் கத்திப் பார்த்தோமே, அந்த ஆண்ட்ரே தி ஜயண்ட். அவருக்கு உடம்பு வளர்ந்துகொண்டே போகிற ஒரு நோய். முதுகிலே அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. நிற்கவே சிரமம். உள்ளே முதுகுக்கு ஒரு பட்டை கட்டிக்கொண்டு, அதற்கு மேலே சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். அவரைத் தூக்க வேண்டுமென்றால் அவர் விட்டுக்கொடுத்தால்தான் முடியும். அத்தனை வலியிலும், அடுத்து வருகிற ஆள் பெரிய ஆளாகட்டும் என்று விழுந்து கொடுத்தார். அவர் செத்தது 1993 ஜனவரியிலே, பாரிஸ் நகரத்தில். எதற்காக அங்கே போயிருந்தார் தெரியுமா? தன் அப்பாவின் இறுதிச் சடங்குக்கு. நான் என் அப்பாவை நாலு பேருக்கு முன்னால் கீழே தள்ளிய அதே வருஷம்.

இவ்வளவையும் நான் படித்தது எப்போது? போன 2025 ஜூலைக்குப் பிறகுதான். அதற்கு முன்னால், ஒரு சங்க இலக்கியப் பேராசிரியனின் வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன்.

இருபது வருஷத்துக்கு மேல் புறநானூறு பாடம் நடத்துகிறேன். அதிலே நக்கண்ணையார் என்று ஒரு பெண்பாற் புலவர். 83, 84, 85 ஆகிய மூன்று பாட்டு பாடியிருக்கிறார். யாரைப் பற்றி? போர்வைக்கோப் பெருநற்கிள்ளி என்ற சோழனைப் பற்றி. அவன் என்ன செய்தான்? ஆமூர் மல்லன் என்கிற பயில்வானோடு மோதினான். 85ஆம் பாட்டிலே அந்த அம்மா சொல்கிறார்: இந்த வீரனுக்கு இது சொந்த ஊர் இல்லை. அதனாலே ஒரு கூட்டம் அவன் ஜெயிப்பான் என்கிறது, இன்னொரு கூட்டம் ஜெயிக்க மாட்டான் என்கிறது. நானோ காலிலே சிலம்பு சத்தம் போட ஓடிப்போய், எங்கள் வீட்டுப் பனைமரத்திலே சாய்ந்து நின்று, அவன் ஜெயித்ததைக் கண்ணால் பார்த்தேன் என்கிறார்.

இதை நான் 'கைக்கிளை' என்று கரும்பலகையிலே எழுதிப் போட்டுவிட்டு, ஐந்து மதிப்பெண் வினா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அட மடையா! தமிழ்நாட்டின் முதல் குஸ்தி ரசிகையல்லவா அந்த அம்மா! இரண்டு கட்சி ஆதரவாளர்கள், நடுவிலே ஓடி வந்து மரத்தடியிலே நின்று பார்க்கிற ரசிகை. எல்லாம் இருக்கிறதே! (கைதட்டல்) மாமல்லபுரம் போகிறோம், படம் எடுக்கிறோம். மாமல்லன் என்றால் என்ன? பெரிய மல்லன், பெரிய பயில்வான்! பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் அந்தப் பெயரைப் பெருமையாக வைத்துக்கொண்டான். நான் மட்டும் எதற்கு வெட்கப்பட்டேன்?

அதே மன்னனைச் சாத்தந்தையார் என்ற புலவர் 80ஆம் பாட்டிலே பாடுகிறார். பெருநற்கிள்ளி மல்லனைக் கீழே போட்டு, ஒரு காலை மார்பிலே ஊன்றி, இன்னொரு காலால் அவன் தந்திரத்தைத் தடுக்கிறான். அப்போது புலவர் ஒரு வார்த்தை சொல்கிறார். இவன் அப்பன் தித்தன், மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, இதை வந்து பார்க்கட்டுமே என்கிறார். அப்பனுக்கும் மகனுக்கும் மனத்தாங்கல். குஸ்திக் களத்திலே நின்றுகொண்டு புலவர் தேடுவது, அந்த மகனுடைய அப்பாவை! இருபது வருஷம் இதைப் பாடம் நடத்தினேன். எனக்கு மட்டும் உறைக்கவில்லை.

எப்போது உறைத்தது? 2025 ஜூலை 24ஆம் தேதி ஹல்க் ஹோகன் இறந்துபோனார். அவர் குறையே இல்லாத மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். இனவெறியாகப் பேசினார் என்று 2015ல் அவருடைய நிறுவனமே அவரை விலக்கி வைத்தது. வளர்ந்த ரசிகனுக்கு அதுவும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் செய்தி வந்த அந்த வாரம் சனிக்கிழமை நான் மூக்கண்டப்பள்ளிக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு எண்பது வயது. முட்டி வலி. காது கொஞ்சம் மந்தம். கட்டிலிலே உட்கார்ந்திருக்கிறார். என் பையன் கல்லூரியிலே படிக்கிறான். அவன் போனைப் பார்த்துக்கொண்டே, "தாத்தா, ஹல்க் ஹோகன் செத்துட்டாராம்" என்று சத்தமாகச் சொன்னான்.

அப்பா நிமிர்ந்தார். "யாரு? அந்த மஞ்ச பனியனா?"

முப்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை, ஐயா!

பையன் அந்தப் பழைய சண்டையைத் தேடி எடுத்து டி.வி.யிலே போட்டுவிட்டான். அதே மைதானம். அதே மஞ்சள் பனியன். நான் வாசற்படியிலே நின்றேன். உள்ளே போக வெட்கம். அப்பா திரும்பிப் பார்த்து, கட்டிலிலே கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார். போய் உட்கார்ந்தேன். ஹோகன் ஆண்ட்ரேயைத் தூக்குகிற இடம் வந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதே பதினைந்து வயசு. அப்போது அப்பா மெதுவாகச் சொன்னார்:

"நல்லாப் பாரு. அவன் தூக்கல. அந்தப் பெரிய ஆளுதான் தூக்க விடறான்."

நான் திடுக்கிட்டுப் போனேன். "அப்பா, உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும்டா. மெட்ராஸ்ல பாத்தப்பவே எங்க மாமா சொல்லிட்டாரு. அதுக்கென்ன? இருநூறு கிலோ ஆளு மேல இருந்து விழுந்தா வலிக்காதா? அவன் விழறதுதான்டா வித்தை."

"அப்ப, அன்னைக்கு நான் சொன்னப்ப ஏன்பா ஒண்ணும் சொல்லாமப் போனீங்க?"

அப்பா டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கூட்டாளிங்க முன்னாடி ஜெயிக்கணும்னு நெனச்ச. படிச்ச புள்ள. ஜெயிச்சுட்டுப் போயேன்னு விட்டேன்."

(நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே! ஆண்ட்ரே ஹோகனுக்கு விழுந்து கொடுத்த மாதிரி, எங்கள் அப்பா எனக்கு விழுந்து கொடுத்திருக்கிறார். நான் ஜெயித்துவிட்டேன் என்று முப்பத்திரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். தூக்கியது நான் இல்லை. அவர் தூக்க விட்டார்.

இங்கே பிள்ளை பெற்றவர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள்! "உனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்று பிள்ளை சொல்லும்போது, "ஆமாம்ப்பா, எனக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகாத அப்பா உண்டா? அம்மா உண்டா? விழுந்தால் வலிக்கும் என்று தெரிந்தேதான் விழுகிறார்கள்.

எதிரணி நண்பர்களே, இதுதான் என் வாதம். விவரம் தெரியாமல் ரசித்தேன், அது குழந்தைப் பருவம். விவரம் தெரிந்ததும் எட்டி உதைத்தேன், அது வாலிபம். அதைத்தான் நீங்கள் அறிவு என்கிறீர்கள். அது பாதி அறிவு. விவரமும் தெரிந்து, வலியும் தெரிந்து, அதற்குப் பிறகும் பக்கத்திலே உட்கார்ந்து கைதட்டுகிறானே, அவனுக்குத்தான் முழு அறிவு. சிறு வயது ஆசையைத் தேடிப் போகாமல் இருந்திருந்தால் எனக்கு ஆண்ட்ரேயின் முதுகு வலி தெரிந்திருக்காது. நக்கண்ணையாரின் பனைமரம் தெரிந்திருக்காது. எல்லாவற்றுக்கும் மேலே, எங்கள் அப்பாவைத் தெரிந்திருக்காது.

அந்த அம்மையார் பொம்மைப் பெட்டியைப் பூட்டிவிடச் சொன்னார்கள். அம்மா, அந்தப் பெட்டியிலே பொம்மை மட்டும் இருந்தால் பூட்டிவிடுங்கள். வாங்கிக் கொடுத்தவரையும் சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறோமே, அதைத்தான் வேண்டாம் என்கிறேன். (கைதட்டல்)

இப்போது செவ்வாய்க்கிழமை விடியற்காலையிலே நான் எழுந்ததும் முதலில் மூக்கண்டப்பள்ளிக்குப் போன் போடுவேன். அப்பா அங்கே பார்ப்பார், நான் இங்கே பார்ப்பேன். ஸ்பீக்கரிலே வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுகிறோம். "இவன் சரியா விழலைடா" என்பார். "அந்தக் காலத்து ஆளுங்க மாதிரி வராதுப்பா" என்பேன். வாழ்க்கையிலே இவ்வளவு நேரம் நானும் அப்பாவும் பேசியதே இல்லை. என் மனைவி இப்போது தியானம் எங்கே என்று கேட்பதில்லை. காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "மாமாகிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்கிறாள்.

மணி அடிக்கிறீர்கள், முடித்துவிடுகிறேன். நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்கள் கையிலே. எங்கள் அணிக்குச் சொன்னால் மகிழ்ச்சி. அந்த அணிக்குச் சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. அந்த அம்மையார் ஜெயித்துவிட்டுப் போகட்டும். விழுந்து கொடுப்பது எப்படி என்று எனக்கு இப்போது தெரியும். எண்பது வயதிலே ஒருவர் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். இந்த நேரம் அவர் மூக்கண்டப்பள்ளியிலே கட்டிலில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்பா, அன்னைக்கு நான் பேசினது தப்புப்பா. நாலு பேர் முன்னாடி சொன்னேன். அதனாலேதான் இன்னைக்கு நாடே பார்க்கிற மேடையிலே சொல்றேன்.